மணி ஒன்று, காது பல: தவளையின் ஹார்மோன்களும் பரிணாமமும்

‘தலைப்பிரட்டை பரிணாமம் அடைந்து தவளையாகிறது’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருப்பீர்கள். நானும் பல இடங்களில் படித்திருக்கிறேன். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் தவறு. ஒரு தலைப்பிரட்டை சில வாரங்களில் தவளையாவதற்குப் பெயர் உருமாற்றம். பரிணாமம் தனி ஒரு உயிருக்கு நடப்பதில்லை. ஒரு கூட்டத்தில் எந்த மரபணுக்கள் எவ்வளவு பேரிடம் இருக்கின்றன என்ற கணக்கு, தலைமுறை தலைமுறையாக மாறிக்கொண்டே போவதுதான் பரிணாமம்.

குழப்பத்துக்குப் பாதிக் காரணம் நம் சொற்கள்தான். ‘பரிணாம வளர்ச்சி’ என்றே சொல்லிப் பழகிவிட்டோம். வளர்ச்சி என்றதும் ஏதோ குழந்தை வளர்வதுபோல, படி ஏறுவதுபோல ஒரு படம் மனதில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. அந்த ‘வளர்ச்சி’யை விட்டுவிட்டுப் பரிணாமம் என்று மட்டும் சொன்னாலே பாதிச் சிக்கல் தீரும்.

இதன்மேல் ஹார்மோன் என்ற சொல்லும் வந்து சேரும்போது குழப்பம் இரட்டிப்பாகிறது. ‘ஹார்மோன் மாறினால் உயிரினமே மாறிவிடும்’ என்பார் ஒருவர். ‘ஹார்மோனுக்கும் பரிணாமத்துக்கும் என்ன சம்பந்தம்’ என்பார் இன்னொருவர். சம்பந்தம் உண்டு, ஆனால் அது முதலாமவர் நினைக்கும் வகையில் இல்லை. அதைப் புரிந்துகொள்ளத் தவளையைவிட நல்ல உயிர் கிடைப்பது கடினம். தவளையின் வாழ்க்கையில் ஹார்மோன் செய்கிற வேலை கண்ணுக்கு முன்னால் நடக்கிறது.

பள்ளி மணி

ஒரு பள்ளியில் மாலை மணி அடிக்கிறது. ஒரே சத்தம்தான். ஆனால் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஆசிரியர் புத்தகத்தை மூடுகிறார், காவலாளி வாசற்கதவைத் திறக்கிறார், துப்புரவுப் பணியாளர் துடைப்பத்தைக் கையில் எடுக்கிறார். ‘நீ ஓடு, நீ திற’ என்று மணி சொல்லவில்லை. யார் என்ன செய்ய வேண்டும் என்பது கேட்பவரிடமே இருக்கிறது.

ஹார்மோன் இப்படிப்பட்ட மணி. உடலில் சுரப்பி எனப்படும் ஓர் உறுப்பு ஒரு வேதிப்பொருளை மிகச் சிறிய அளவில் இரத்தத்தில் விடுகிறது. இரத்தம் அதை உடலெங்கும் கொண்டுபோகிறது. அந்த வேதிப்பொருள்தான் ஹார்மோன். அதைக் கேட்கும் காது செல்களில் இருக்கிறது. அந்தக் காதுக்கு ஏற்பி என்று பெயர். ஏற்பி ஒரு புரதம்; குறிப்பிட்ட ஹார்மோன் வந்து ஒட்டினால் செல்லுக்குள் சில வேலைகளைத் தொடங்கிவைக்கும். ஏற்பி இல்லாத செல்லுக்கு ஹார்மோன் வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

தலைப்பிரட்டைக்குள் என்ன நடக்கிறது

1912-இல் குடர்நாட்ச் என்ற ஆய்வாளர் தலைப்பிரட்டைகளுக்குப் பல்வேறு விலங்குகளின் உறுப்புகளை உணவாகக் கொடுத்துப் பார்த்தார். குதிரையின் தைராய்டு சுரப்பியைத் தின்றவை மட்டும் வளர்வதை நிறுத்திவிட்டு, அவசர அவசரமாகத் தவளைகளாக மாறத் தொடங்கின. மிகச் சிறிய தவளைகள். அவற்றைத் தூண்டிய பொருளுக்கு அப்போது பெயர்கூடக் கிடையாது. தைராக்ஸின் என்ற அந்த ஹார்மோனைத் தனியாகப் பிரித்தெடுத்தது 1914-இல்தான். இன்னும் சில ஆண்டுகளில் பென்னட் ஆலன் என்பவர் எதிர்ப்பக்கத்திலிருந்து சோதித்தார்: தலைப்பிரட்டைகளின் தைராய்டையே எடுத்துவிட்டார். அவை தவளையாகவே இல்லை. தலைப்பிரட்டையாகவே பெரிதாகிக்கொண்டு போயின.

ஆக, உருமாற்றத்தின் மணி தைராய்டு ஹார்மோன். இந்த மணிக்கு உடலின் ஒவ்வொரு பாகமும் ஒவ்வொரு விதமாகப் பதில் சொல்கிறது. கால் வளர்கிறது. வால் செரித்துக் கரைகிறது. பாசியைச் சுரண்டித் தின்பதற்கேற்ற நீளமான, சுருள் சுருளான குடல் சுருங்கி, பூச்சி தின்பதற்கேற்ற குட்டைக் குடலாகிறது. செவுள்கள் போகின்றன. இரத்தத்தின் ஹீமோகுளோபின்கூட வேறு வகைக்கு மாறுகிறது. கழிவை அம்மோனியாவாக நீரில் விட்டுக்கொண்டிருந்த உடல், அதை யூரியாவாக மாற்றக் கற்றுக்கொள்கிறது. இத்தனைக்கும் ஒரே ஹார்மோன். வால் செல்லுக்கு ‘செத்துப் போ’ என்றும் கால் செல்லுக்கு ‘பெருகு’ என்றும் அர்த்தமாவது ஒரே செய்திதான்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம் ஒன்று உண்டு. தைராக்ஸின் மூலக்கூறில் 4 அயோடின் அணுக்கள் இருக்கின்றன. இந்த நிலையில் அதற்கு வீரியம் குறைவு. செல்லுக்குள் ஒரு நொதி அதிலிருந்து ஓர் அயோடினைக் கழற்றிவிட்டால், 3 அயோடின் கொண்ட வீரியமான ஹார்மோன் கிடைக்கிறது. (நொதி என்றால் வேதிவினையை வேகப்படுத்தும் புரதம்.) வேறொரு நொதி வேறோர் இடத்தில் அயோடினைக் கழற்றி, ஹார்மோனைப் பயனற்றதாக்கிவிடும். முதல் நொதி காதில் ஒலிபெருக்கி வைப்பதுபோல. இரண்டாவது காதில் பஞ்சு அடைப்பதுபோல. கால் ஒலிபெருக்கியோடு தொடங்குகிறது, இரத்தத்தில் ஹார்மோன் கொஞ்சமாக இருக்கும்போதே கேட்டுவிடுகிறது. வால் கடைசி வரை பஞ்சு வைத்துக்கொண்டிருக்கிறது.

ஏன் இந்த ஏற்பாடு என்பதை யோசித்துப் பாருங்கள். கால் வருவதற்கு முன் வால் போய்விட்டால் நீந்தவும் முடியாது, குதிக்கவும் முடியாது. சோதனைச் சாலையில் ஒரேயடியாக அதிக ஹார்மோன் கொடுத்தால் இந்த வரிசை குலைந்து, கால் சரியாக வளருமுன்பே வால் சுருங்கத் தொடங்கும், பிராணி செத்துப்போகும். வரிசை சரியாக இருந்தாலும் அந்தச் சில நாட்கள் ஆபத்தானவைதான். முன்னங்கால்கள் தோலைப் பிளந்துகொண்டு வெளியே வந்திருக்கும், வால் பாதி இருக்கும், வாயின் கொம்புப் பற்கள் உதிர்ந்திருக்கும், குடல் மராமத்தில் இருக்கும், சாப்பிடவே முடியாது. கரையும் வால்தான் அதற்குச் சாப்பாடு. நீச்சலும் அரைகுறை, குதியும் அரைகுறை. பாம்புகளுக்கு இந்தப் பருவத்துத் தவளைகள் சுலபமான இரை.

கொஞ்சம் நின்று மூச்சு வாங்கிக்கொள்வோம். மணி ஒன்று. காதுகள் பல. எந்தக் காது எவ்வளவு கூர்மை என்பதைப் பொறுத்து வேலைகள் வரிசையாக நடக்கின்றன. இவ்வளவும் உருமாற்றம், பரிணாமத்தை இன்னும் தொடவில்லை.

பரிணாமம் நுழையும் இடம்

குடர்நாட்சின் குட்டித் தவளைகளை மறுபடி எடுத்துக்கொள்வோம். அவை பிழைத்து முட்டையிட்டிருந்தால், பிறக்கும் தலைப்பிரட்டைகளும் அவசரமாக மாறியிருக்குமா? மாறியிருக்காது. ஊட்டிய ஹார்மோன் அந்த உடலோடு முடிந்தது. பிள்ளைகளுக்குப் போவது மரபணு.

ஆனால் ஹார்மோனைச் சுற்றியுள்ள கருவிகள் எல்லாமே மரபணுக்களின் குறிப்புப்படி உருவாகுபவை. சுரப்பி எப்போது விழிக்கும், எவ்வளவு சுரக்கும், எந்தத் திசுவில் எத்தனை ஏற்பி, எந்த நொதி எங்கே என்பதெல்லாம் பரம்பரையாக வருபவை. ஒரே குளத்துத் தலைப்பிரட்டைகளுக்குள்ளேயே இவற்றில் சிறு வேறுபாடுகள் இருக்கும். அந்த வேறுபாட்டால் ஒன்று பிழைத்து மற்றொன்று செத்தால், பிழைத்ததன் மரபணு அடுத்த தலைமுறையில் கூடும். இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம்.

பள்ளி மணிக்கே வாருங்கள். பள்ளியின் பழக்கத்தை மாற்ற இரண்டு வழி. ஒன்று, மணி அடிக்கும் நேரத்தை மாற்றுவது. ஒரே மாற்றத்தில் மொத்தப் பள்ளியும் மாறிவிடும், சுலபம். ஆனால் ‘வாசற்கதவு மட்டும் முன்னதாகத் திறக்க வேண்டும், வகுப்பு பழையபடியே முடிய வேண்டும்’ என்றால் இந்த வழி உதவாது. அப்போது இரண்டாவது வழி: மணியைத் தொடாமல், காவலாளியின் பழக்கத்தை மட்டும் மாற்றுவது. இது நுட்பமான வேலை, ஆளுக்கு ஆள் தனித்தனியாகச் செய்ய வேண்டும்.

ஹார்மோன் பரிணாமத்துக்கு ஒரே நேரத்தில் குறுக்குவழியாகவும் கால்கட்டாகவும் இருப்பது இதனால்தான். ஒரு சின்ன மாற்றம் பத்து உறுப்புகளை ஒருங்கே நகர்த்திவிடும். அந்தப் பத்தில் ஒன்றை மட்டும் நகர்த்த நினைத்தால் மற்ற ஒன்பதும் கூடவே வரும்.

குட்டை வற்றும்போது

இதைப் பார்க்க வட அமெரிக்கப் பாலைவனத்துக்குப் போக வேண்டும். அங்கே கௌச் மண்வெட்டிக்கால் தேரை என்று ஒன்று இருக்கிறது. பின்னங்காலில் மண் தோண்டுவதற்கு மண்வெட்டிபோல ஒரு கடினமான விளிம்பு உண்டு, பெயர் அதனால் வந்தது. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழித்துவிட்டு, கோடை மழை பெய்ததும் மேலே வந்து, தேங்கிய நீரில் முட்டையிடும். அந்த நீர் சில நாட்களில் வற்றிவிடும். இதன் தலைப்பிரட்டைகள் வெறும் 8 நாட்களில்கூடத் தவளை வடிவுக்கு வந்துவிடும். ஐரோப்பாவில் இருக்கும் இதன் உறவுக்காரத் தேரைகளுக்கோ பல மாதங்கள் ஆகும்.

இந்த அவசரம் எங்கிருந்து வந்தது? முதலில் ஐரோப்பிய உறவுக்காரரைப் பார்ப்போம். அதன் குளத்தில் நீர் குறையத் தொடங்கினால் அதுவும் ஓரளவு வேகம் கூட்டும். மூளையில் ஹைப்போதலாமஸ் என்றொரு பகுதி இருக்கிறது. நெருக்கடியைக் கண்டதும் அது ஒரு தூதுப் பொருளை அனுப்பும். அந்தத் தூது, மூளையின் அடியில் தொங்கும் பிட்யூட்டரி சுரப்பிக்குப் போய் இரண்டு வேலைகளைத் தொடங்கிவைக்கிறது. ஒன்று, தைராய்டு ஹார்மோனைக் கூட்டச் சொல்வது. மற்றொன்று, கார்ட்டிகோஸ்டீரோன் என்ற நெருக்கடி ஹார்மோனைச் சுரக்கச் சொல்வது. இந்த இரண்டாவது ஹார்மோன் சும்மா இருப்பதில்லை, தைராய்டு மணியின் சத்தத்தைத் திசுக்களில் பெருக்கிக் காட்டுகிறது. ஆக, நீர் குறைந்தால் மணி முன்னதாகவே, அதுவும் உரக்க அடிக்கிறது.

இப்போது பாலைவனத் தேரை. அதன் தலைப்பிரட்டைகளை அளந்து பார்த்தபோது, குளம் நிறைந்திருக்கும்போதே அவற்றின் உடலில் இந்த ஹார்மோன்கள் உயர்ந்த நிலையில் இருந்தன. நீரைக் குறைத்தாலும் அதற்குமேல் பெரிதாக வேகம் கூடவில்லை. உறவுக்காரர் நெருக்கடி வந்தால் மட்டும் செய்வதை இது எப்போதுமே செய்துகொண்டிருக்கிறது. அவசர நேரத்துக்கான ஏற்பாடு, தலைமுறைகள் போகப் போக நிரந்தர ஏற்பாடாகிவிட்டது என்று இதைப் படிக்கலாம். புதிதாக எதுவும் கண்டுபிடிக்கவில்லை. ஏற்கெனவே இருந்த குமிழைத் திருகி அங்கேயே நிறுத்திவிட்டது.

சரி, இதற்கு விலை என்ன? இங்கேதான் விஷயம் சுவையாகிறது. முன்னதாக மணி அடித்தால் வளர்வதற்கான நாட்கள் குறையும், உடல் சிறியதாகும். அதோடு நிற்பதில்லை. பின்னங்கால் உடலின் அளவுக்குக் குட்டையாகிறது, முகமும் குட்டையாகிறது. ஐரோப்பியத் தேரையை நீர் குறைத்து அவசரப்படுத்தினாலும் இதே குட்டைக் கால்தான் வருகிறது. எப்போதுமே அவசரமாக இருக்கும் இனங்களிலும் இதே வடிவம்தான்.

இது தெரியாமல் அந்தக் குட்டைக் காலைப் பார்ப்பவர் என்ன சொல்வார்? ‘பாலைவனத்தில் குட்டைக் கால் ஏதோ நன்மை தருகிறது, அதனால்தான் வந்தது’ என்று ஒரு கதை கட்டிவிடுவார். ஒவ்வோர் உறுப்புக்கும் தனித்தனி நன்மை தேடும் இந்தப் பழக்கம் பரிணாமம் பற்றிய பேச்சில் மிகச் சாதாரணம். குட்டைக் காலால் நன்மை இருக்கவும் செய்யலாம். ஆனால் நேரத்தை மாற்றியதற்கு ஒட்டிக்கொண்டு வந்த விளைவாகவே அதை விளக்கிவிட முடியும், கதை தேவைப்படவில்லை.

நெருக்கடி ஹார்மோனுக்கு இன்னொரு முகமும் உண்டு. தட்டான் பூச்சியின் இளம்புழுக்கள் தலைப்பிரட்டைகளைப் பிடித்துத் தின்பவை. அவை இருக்கும் குளத்தில் சிலவகைத் தலைப்பிரட்டைகளுக்கு வால் அகலமாகிறது, தப்பி ஓட வசதி. அதைச் செய்வதிலும் கார்ட்டிகோஸ்டீரோனுக்குப் பங்கு இருக்கிறது. ஆனால் அதே ஹார்மோன் இளம் பருவத்தில் நீண்ட நாள் உயர்ந்திருந்தால் உடல் வளர்ச்சியைக் குறைக்கும், பிந்திய பருவத்தில் உயர்ந்தால் உருமாற்றத்தை முடுக்கும். வாலுக்காக அதைக் கூட்டினால் மற்றவையும் சேர்ந்தே அசையும்.

இந்தப் பகுதியின் சாரம்: நேரத்தை மாற்றுவது தவளைக்கு எளிது, அதனால் பரிணாமம் அந்த வழியில் அடிக்கடி போகிறது. நேரத்தோடு கட்டப்பட்டவற்றை அங்கேயே விட்டுவிட்டுப் போவதுதான் கடினம்.

கத்தாத தவளையின் கட்டைவிரல்

தைராய்டு மட்டும்தானா என்றால், இல்லை. ஆண் தவளைகளில் டெஸ்டோஸ்டீரோன் முதலான ஆண் ஹார்மோன்கள் இனப்பெருக்கக் காலத்தில் ஒரு கட்டு வேலைகளைச் சேர்த்துச் செய்கின்றன: பெண்ணை அழைக்கும் குரல், அணைத்துப் பிடிக்க முன்கைத் தசை, வழுக்காமலிருக்கக் கட்டைவிரலில் சொரசொரப்பான திண்டு.

போர்னியோத் தீவில் கோரைப்பல் தவளைகள் என்ற கூட்டத்தில், ஆண்கள் மற்றத் தவளைகளைப்போல உரக்க அழைப்பதில்லை. கட்டைவிரல் திண்டும் கிடையாது. அளந்து பார்த்ததில் ஆண் ஹார்மோன் குறைவாக இருந்தது. குரல் ஒரு காரணத்துக்காகவும் திண்டு வேறொரு காரணத்துக்காகவும் தனித்தனியாகத் தொலைந்தனவா, இல்லை ஒரே மணி மெதுவானதால் இரண்டும் சேர்ந்து அடங்கினவா? இரண்டாவது சாத்தியத்தைச் சோதிக்க ஒரு வழி இருந்தது. அந்த ஆண்களுக்கு ஹார்மோன் கொடுத்துப் பார்த்தார்கள். கட்டைவிரலில் திண்டு முளைத்தது. விரலின் தோல் இன்னும் காது கொடுத்துக் காத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறது, சத்தம்தான் போதவில்லை.

இதைப் படித்தபோது, ‘இழந்துவிட்டது’ என்ற சொல்லை நான் கொஞ்சம் யோசித்தே பயன்படுத்தத் தொடங்கினேன். வெளியே தெரியாமல் போனவை எல்லாம் உள்ளேயும் அழிந்துபோனவை அல்ல.

யாரும் தாண்டாத வேலி

ஆக்சலாட்டல் என்ற மெக்சிகோ சாலமாண்டரைப் படங்களிலாவது பார்த்திருப்பீர்கள். (சாலமாண்டர் என்பது தவளையின் உறவுக்கார விலங்கு, பெரிதான பிறகும் வால் இருக்கும்.) தலையின் இருபுறமும் இறகுபோலச் செவுள்கள். அது இளம் வடிவத்திலேயே பருவமடைந்து, அப்படியே இனப்பெருக்கமும் செய்கிறது. அதன் பிட்யூட்டரி தைராய்டைப் போதுமான அளவு தூண்டுவதில்லை. வெளியிலிருந்து தைராய்டு ஹார்மோன் கொடுத்தால், செவுள்களைத் துறந்துவிட்டு நிலத்து விலங்காகிவிடும். சாலமாண்டர்களில் இப்படி இளமையிலேயே நின்றுவிட்ட இனங்கள் பல.

தவளைகளில்? இன்று தெரிந்த இனங்கள் 7,000-க்கும் மேல். அவற்றில் தலைப்பிரட்டையாகவே இருந்து முட்டையிடும் இனம் ஒன்றுகூட அறியப்படவில்லை. மணியைத் தள்ளிப்போட முடியாததால் என்று சொல்ல வழியில்லை, அமெரிக்கக் காளைத் தவளையின் தலைப்பிரட்டைகள் குளிர்ப் பகுதிகளில் 2 ஆண்டுகளுக்கு மேல்கூட அப்படியே இருக்கும். தென் அமெரிக்காவின் முரண் தவளை இன்னும் வேடிக்கை: தலைப்பிரட்டை 20 செ.மீ.க்கு மேல் வளரும், அது மாறி வரும் தவளையோ அதில் மூன்றில் ஒரு பங்கு நீளம்தான். அப்பனைவிடப் பிள்ளை பெரிசு! இவ்வளவு தள்ளிப்போட முடிந்தும் யாரும் நிரந்தரமாகத் தள்ளிப்போடவில்லை.

ஆய்வாளர்கள் முன்வைக்கும் ஒரு கருத்து உடலின் அமைப்பைச் சுட்டுகிறது. சாலமாண்டரின் இளம் வடிவம் ஏறக்குறைய பெரியதைப் போலவே இருக்கும், செவுள் மட்டும் கூடுதல். தலைப்பிரட்டையோ கிட்டத்தட்ட நீந்தும் குடல். வயிற்றுக்குள் சுருண்டு கிடக்கும் அந்தக் குடலே இடத்தையெல்லாம் அடைத்துக்கொள்வதால், நூற்றுக்கணக்கான முட்டைகளை எங்கே வைப்பது? குடலைச் சுருக்க வேண்டும் என்றால் மணி அடிக்க வேண்டும். மணி அடித்தால் வாலும் போகும். இது இன்னும் கருத்துதான், முடிந்த முடிவு அல்ல. எனக்கு இது நம்பத்தகுந்ததாகவே படுகிறது.

முட்டைக்குள் அடிக்கும் மணி

வேலியைத் தாண்டாமல் சுற்றிக்கொண்டு போனவையும் உண்டு. போர்ட்டோ ரிக்கோ தீவின் கொக்கி என்ற சிறு தவளை நிலத்தில், ஈரமான இலைகளுக்கிடையில் முட்டையிடுகிறது. ஏறத்தாழ மூன்று வாரத்தில் முட்டையிலிருந்து வெளிவருவது தலைப்பிரட்டை அல்ல, நான்கு கால்களோடு முழு உருவில் ஒரு பொடித் தவளை. நீருக்குள் வாழும் பருவமே இல்லை.

அப்படியானால் மணியும் போய்விட்டதா? அதைத்தான் 2000-இல் வெளியான ஓர் ஆய்வு பார்த்தது. தைராய்டு ஹார்மோன் உருவாவதைத் தடுக்கும் மருந்தைக் கருவுக்குக் கொடுத்தபோது, வளர்ச்சி பாதி வழியில் நின்றது. ஹார்மோனைத் திரும்பக் கொடுத்ததும் மறுபடி ஓடத் தொடங்கியது. உருமாற்றம் ஒழிந்துபோகவில்லை, முட்டைக்குள் குடியேறிவிட்டது.

மாற்றம் வேறிடத்தில் நடந்திருக்கிறது. கொக்கியின் கருவில் கால்களின் மொட்டுகள் தைராய்டு சுரப்பி உருவாவதற்கு முன்பே தோன்றிவிடுகின்றன. அந்த ஆரம்ப வேலைக்குக் கால்கள் இப்போது மணியை எதிர்பார்ப்பதில்லை. பள்ளியின் காவலாளி மணிக்குக் காத்திராமல் கதவைத் திறக்கப் பழகிக்கொண்டதுபோல. பாசி சுரண்டும் கொம்பு வாய் போன்றவை தோன்றுவதே இல்லை. வால் மட்டும் இன்னும் பழைய கட்டுப்பாட்டிலேயே இருக்கிறது. கருவுக்குள் அது மெல்லிய தோலும் நிறைய இரத்தக் குழாய்களுமாக விரிந்து, மூச்சு விடுவதற்குப் பயன்படுகிறது. பிறகு, குஞ்சு முட்டையின் உறையைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும் நேரத்தை ஒட்டி, ஒரு குளத்துத் தலைப்பிரட்டையின் வாலைக் கரைக்கும் அதே ஹார்மோன் இதையும் கரைத்துவிடுகிறது.